உள்ளே இருப்பவருக்காக வெளியே இருப்பவர் செய்ய வேண்டியவை: விசாரணைக் கைதியின் குடும்பத்துக்கு முழுமையான வழிகாட்டி

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். உள்ளே இருக்கும் நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத நிலையிலேயே மாதங்களும் சில சமயம் ஆண்டுகளும் கழிகின்றன.

இவர்களில் பலர் வெளியே வராததற்குச் சட்டம் இடம் தரவில்லை என்பது காரணமில்லை. இன்ன தேதிக்குள் இதைச் செய்யாவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று போலீசுக்கும் அரசுக்கும் சட்டம் கெடு வைத்திருக்கிறது. அந்தத் தேதி வந்துவிட்டது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொல்ல வேண்டிய கடமை உள்ளவர்களும் பல நேரம் சொல்வதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நாள் கணக்குதான்.

தமிழ்நாட்டில் கைதானவரின் குடும்பத்தை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பதில் தெளிவாக வரும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய எண்களையே சொல்வார்கள் என்பதால், தேவையான இடங்களில் இரண்டு எண்களையும் தருகிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். கைதான தேதி, நேரம், இடம், அழைத்துப் போன காவல் நிலையம், குற்ற எண், போட்டிருக்கும் சட்டப்பிரிவுகள், ரிமாண்டு செய்த (அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட) நீதிமன்றம், ரிமாண்டு தேதி, எந்தச் சிறை, சிறையில் தந்த எண் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையைப் பொதுவாகத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளில் மட்டும் அது இருக்காது. வழக்கு நீதிமன்றத்தில் பதிவானதும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும். அந்த எண் இருந்தால், ‘வக்கீல் போனை எடுக்கவில்லை, தேதி தெரியவில்லை’ என்று அலைய வேண்டாம்.

அடுத்த பக்கத்தில், அவர் மேல் வேறு வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று எழுதுங்கள். இதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். பின்னால் எல்லாக் கணக்கும் இதில்தான் சிக்கும்.

முதல் 24 மணி நேரம்

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. கைது செய்யும்போது குறிப்பாணை எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிக்கப்படும் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. கூடவே உட்கார வைக்க மாட்டார்கள், ஆனால் சந்திக்கவே விடமாட்டோம் என்று சொல்ல முடியாது.

கைதுக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். வாயால் சொன்னோம் என்ற பதில் இப்போது செல்லாது. எல்லா வழக்குகளிலும் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், அந்த நேரத்தில் முடியாவிட்டாலும் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தந்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தராவிட்டால் கைதும் ரிமாண்டுமே சட்டவிரோதம் என்று வாதிட இடமுண்டு. அந்தத் தாள் கைக்கு வந்ததா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

‘விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்’ என்று கூட்டிப் போய், ஸ்டேஷனில் கேட்டால் ‘அப்படி யாரும் இங்க இல்லையே’ என்கிறார்களா? உடனே எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப் போனார்கள் என்று நான்கு வரி போதும். அந்தக் காலத்தில் இதற்காகவே தந்தி அடிப்பார்கள். தந்தியில் விழும் நேரம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாகும். தந்தி 2013இல் நின்றுபோனது, அதே வேலையை இன்று மின்னஞ்சல் செய்கிறது. 24 மணி நேரம் கடந்தும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு.

18 வயது நிரம்பாதவர் என்றால் சிறைக்கே அனுப்பக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். போலீஸ் 19 என்று எழுதிவிட்டாலும் வயதை எந்தக் கட்டத்திலும் கேள்வி கேட்கலாம். பள்ளிச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம், அது இல்லாதபோதுதான் பிறப்புச் சான்று.

ரிமாண்டு அன்று

ரிமாண்டு பலருக்கு ஒரு சடங்கு போலத் தெரியும். போலீஸ் தாளை நீட்டும், மாஜிஸ்திரேட் கையெழுத்திடுவார், வண்டி சிறைக்குப் போகும். உண்மையில் அந்தக் கணத்தில்தான் போலீசுக்கும் கைதானவருக்கும் நடுவில் முதல்முறையாக ஒரு நீதிபதி வருகிறார். அடித்தார்களா, உடம்பில் காயம் இருக்கிறதா, காரணம் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று அவர் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்டு, காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பெனிக்ஸும் மருத்துவச் சான்று, மாஜிஸ்திரேட் ரிமாண்டு, சிறை அனுமதி என்ற மூன்று கட்டங்களையும் கடந்துதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குள் போனார்கள். மூன்றில் ஒன்றுகூட அவர்களைக் காப்பாற்றவில்லை. மகன் 22ஆம் தேதி இரவும் தந்தை 23ஆம் தேதி அதிகாலையும் இறந்தார்கள்.

ரிமாண்டு எப்போது, எங்கே என்று கேட்டு, அது மாஜிஸ்திரேட் வீடாக இருந்தாலும், ஒரு வழக்கறிஞரை நிற்க வையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் 15100க்கு அழையுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண் அது. அடிபட்டிருந்தால் கைதானவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். அதை ரிமாண்டு உத்தரவில் பதியச் சொல்லி வழக்கறிஞர் வற்புறுத்த வேண்டும். ‘சொன்னா உள்ள போனதும் இன்னும் அடிப்பாங்க’ என்று பயமுறுத்தியிருப்பார்கள். பதியப்பட்ட காயம்தான் அவருக்குப் பாதுகாப்பு.

வழக்கறிஞர்

பணம் இருந்தால் நீங்களே தேர்ந்தெடுங்கள். இல்லை என்றால் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து யாரையோ பிடிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பவரும் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் செய்வார் என்று ஒரு நினைப்பு ஊறியிருக்கிறது. சிலர் அப்படித்தான். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். 2022 முதல் பல மாவட்டங்களில் இந்த வேலைக்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை நியமித்திருக்கிறார்கள். வழக்கில் அக்கறை காட்டவில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் சொல்லி மாற்றிக் கேட்கலாம். அவரும் ஒரு நீதிபதிதான்.

எந்த வக்கீலாக இருந்தாலும் வக்காலத்து, அதாவது தனக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் தாள், வேண்டும். உள்ளே இருப்பவர் கையெழுத்திட, சிறை அதிகாரி சான்றொப்பமிட்டு வெளியே வர ஓரிரு நாள் ஆகலாம். இதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

மனு பார்ப்பதும் உள்ளே இருப்பவரின் உடம்பும்

சிறைக்குப் போய்ப் பார்ப்பதை நம் ஊரில் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். ஆதார் அட்டையோடு போங்கள். முன்பதிவு, நாள், நேரம், என்னென்ன கொடுக்கலாம் என்பதெல்லாம் சிறைக்குச் சிறை மாறும் என்பதால் முதலில் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. கிடைக்கும் சில நிமிடங்களை அழுது கரைக்காமல், சாப்பாடு, தூக்கம், மருந்து, அடி, மிரட்டல், வேறு வழக்கில் கையெழுத்து வாங்கினார்களா என்ற ஆறையும் முதலில் கேளுங்கள்.

தண்டனை பெறாதவரிடம் சிறை வேலை வாங்க முடியாது. சாதி பார்த்து அறை ஒதுக்கவோ, வேலை கொடுக்கவோ கூடாது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்ன தீர்ப்பில், சாதிவாரியாகப் பிரித்து வைத்த சிறைகளுக்கு உதாரணமாக நம் பாளையங்கோட்டையும் இடம்பெற்றிருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

நாள்பட்ட நோய் உள்ளவர் என்றால் மருத்துவச் சீட்டுகளின் நகலைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதத்தோடு கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிடுங்கள். சிறையில் மருந்து தராவிட்டால் ரிமாண்டு செய்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம், வெளி மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவு கேட்கலாம். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்டான் சுவாமியின் கதை தெரிந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர் அவர். நக்சலைட் என்ற முத்திரையோடு விசாரணையில்லாமல் அடைபட்டுக் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் அவரே கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சு குவளை வேண்டும் என்று நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்லவே, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, பெயில் மனு நிலுவையில் இருந்தபோதே, 84 வயதில் இறந்துபோனார். விசாரணை தொடங்கவே இல்லை.

61ஆம் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

ரிமாண்டு ஆனதிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டும் அதற்கு மேலும் என்ற அளவில் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். அதற்குள் தாக்கல் ஆகாவிட்டால் பெயில் கேட்பது உரிமை. வழக்கு எவ்வளவு கொடூரமானது, அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய சட்டத்தில் 187(3)ஆவது பிரிவு. ‘167(2) பெயில்’, ‘ஸ்டாச்சுட்டரி பெயில்’, ‘டீஃபால்ட் பெயில்’ என்று வக்கீல்கள் சொல்வது எல்லாம் இதைத்தான்.

கணக்கு இப்படி. கைதான நாளை விடுங்கள். ரிமாண்டு ஆன நாள்தான் முதல் நாள். 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. ஜூன் 1 அன்று ரிமாண்டு என்றால் ஜூலை 30ஆம் தேதி 60ஆவது நாள். ஜூலை 31 காலை நீதிமன்றம் திறந்ததும் மனு போய்ச் சேர வேண்டும். 90 நாள் வழக்கு என்றால் ஆகஸ்ட் 30 காலை. நோட்டில் இந்தத் தேதியைச் சிவப்பில் எழுதுங்கள். ஒரு வாரம் முன்பே வக்கீலிடம் மனுவைத் தயார் செய்யச் சொல்லுங்கள்.

காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மனு போடும் முன் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், 61ஆம் நாள் என்ன, 75ஆம் நாளாக இருந்தாலும் உரிமை போய்விடும். முன்னால் போட்டுவிட்டால், அவர்கள் பத்து நிமிடம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடு வந்தாலும் உரிமை நிற்கும். சென்னை போதைப்பொருள் வழக்கு ஒன்றில், அந்த வகை வழக்குக்கு உரிய 180 நாள் கெடு 2019 ஜனவரி 31 அன்று முடிந்தது. மறுநாள் காலை 10.30க்குப் பெயில் மனு தாக்கல் ஆனது. அதே நாள் மாலை அதிகாரிகள், இந்த வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு இணையான தங்கள் புகாரைத் தாக்கல் செய்தார்கள். கீழ் நீதிமன்றம் தந்த பெயிலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு டெல்லி வரை போய், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பெயிலைத் திருப்பிக் கொடுத்தது. எல்லாம் அந்தக் காலை 10.30இல் அடங்கியிருந்தது. மனு போட்ட நேரம் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

வேறு சாக்குகளும் வரும். கொரோனா காலத்தில் எல்லாக் கெடுவும் நீட்டிக்கப்பட்டது, ஆகவே இதுவும் நீண்டது என்றார்கள். மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு தமிழ்நாட்டு வழக்கில், இந்த வகைப் பெயிலுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டு என்று போட்ட நிபந்தனையையும் நீக்கியது. பணம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தால் இந்தத் தீர்ப்பை வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள்.

வணிக அளவிலான போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கெடு 180 நாள். உபா சட்டத்தில் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) 90 நாளை நீதிமன்ற அனுமதியோடு 180 வரை நீட்டிக்கலாம். நீட்டிப்பு கேட்டால் கைதானவரையும் வைத்துக்கொண்டே அதை விசாரிக்க வேண்டும். உத்தரவு வந்தபின் ஜாமீன்தாரர் தேடினால் காலம் கடந்துவிடும் என்பதால், அவர்களையும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால்

வழக்கமான பெயில்தான். மாஜிஸ்திரேட் கோர்ட், மறுத்தால் செஷன்ஸ், மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது மதுரைக் கிளை. ஒருமுறை மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சூழ்நிலை மாறினால் திரும்பப் போடலாம். குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனதே ஒரு மாற்றம். பெண்கள், நோயாளிகள், குழந்தைகள் விஷயத்தில் சட்டமே கொஞ்சம் இளகிப் பார்க்கிறது. அந்த ஆதாரங்களை மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிரிவுகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒன்று பி.என்.எஸ்.எஸ். 480(6): மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வழக்கில், சாட்சி விசாரணைக்குக் குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாளில் விசாரணை முடியவில்லை என்றால், அதுவரை முழுக்க உள்ளேயே இருந்தவரை விட வேண்டும். மறுத்தால் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும்.

இன்னொன்று 479, பழைய எண் 436ஏ. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்துவிட்டால் பெயில். இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, ஆகவே முதல்முறை மாட்டியவருக்கு 1 ஆண்டு. வீடு புகுந்து திருடினால் 7 ஆண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு 2 ஆண்டு 4 மாதம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் மூன்றில் ஒரு பங்குக் கணக்கு உண்டு என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் நல்ல விஷயம், அந்த நாள் வந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். எழுதுவார் என்று காத்திருக்காமல், தேதி வந்துவிட்டது என்று அவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக அதற்கும் ஒரு நகல்.

கெட்ட விஷயம் 479(2): ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரே இரவில் ஒரே ஆள் மீது ஐந்து திருட்டு வழக்கு போடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்த யாரும் இந்த உட்பிரிவை எழுதியிருக்க மாட்டார்கள். அல்லது தெரிந்தேதான் எழுதினார்களோ!

உபா, போதைப்பொருள், பணமோசடித் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் பெயிலுக்கே தனித் தடைகள் உண்டு. அங்கேயும் 2021இல் நஜீப் வழக்கில், விசாரணை முடிவதாக இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பது அரசியலமைப்புக்கு விரோதம், அந்த அடிப்படையில் நீதிமன்றம் பெயில் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

குண்டாஸ் போட்டுவிட்டால்

மேலே சொன்ன எதுவும் இங்கே தனியாகப் பலிக்காது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், நடந்த குற்றத்துக்கான தண்டனை கிடையாது. இனி செய்யக்கூடும் என்ற ஊகத்தில் அடைப்பது. விசாரணை கிடையாது. அதிகபட்சம் 12 மாதம். கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று தொடங்கிய பட்டியலில் திருட்டு வீடியோ, மணல், இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இப்படித் தடுப்புக் காவலில் இருப்போரில் நாட்டிலேயே அதிகம் பேர் தமிழ்நாட்டில்தான். 2022 கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. யார் ஆட்சிக்கு வந்தாலும் இந்த எண் பெரிதாகக் குறைவதில்லை.

பெயில் மனு போட்டதுமே குண்டாஸ் வரும் என்று சிறை வாசலில் பேசிக்கொள்வார்கள். அது வெறும் வதந்தி இல்லை. ஏற்கனவே உள்ளே இருப்பவர் மீது குண்டாஸ் போட, அவர் பெயிலில் வெளியே வரும் உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று உத்தரவில் காட்ட வேண்டும். நிலுவையில் உள்ள பெயில் மனு அதற்குக் கைகொடுக்கிறது. எப்போது பெயில் மனு போடுவது என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதனால்தான்.

மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவிட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 5 நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் அவர் கையில் தர வேண்டும். 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள், காவல் உத்தரவு சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு தேதியும் நோட்டில்.

ஆவணக் கட்டை ‘புக்லெட்’ என்பார்கள். சில நேரம் நூறு, இருநூறு பக்கம். குண்டாஸ் உடைவது பெரும்பாலும் அந்தக் கட்டுக்குள் இருக்கும் குறையால்தான். அதன் நகலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். படிக்க முடியாதபடி மங்கிய நகல், ஆங்கிலத்தில் இருந்து தமிழ்ப்படுத்தாத பக்கம், காரணத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கட்டில் சேர்க்காத ஆவணம், தேதி முரண்பாடு. இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டாம், பொறுமை போதும். ‘இதே போன்ற வழக்கில் வேறொருவருக்குப் பெயில் கிடைத்தது’ என்று எழுதியிருந்தால் அது எந்த வழக்கு, உத்தரவு நகல் இருக்கிறதா, உண்மையிலேயே ஒத்ததா என்று பாருங்கள். 2011இல் ரேகா என்பவர் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், விவரமில்லாமல் இப்படி எழுதியதற்காகவே உச்ச நீதிமன்றம் காவல் உத்தரவை ரத்து செய்தது.

முதல் வாரத்திலேயே முறையீட்டுக் கடிதம் ஒன்று எழுதி, உத்தரவிட்ட அதிகாரி, மாநில அரசின் உள்துறை, அறிவுரைக் கழகம் மூன்றுக்கும் அனுப்புங்கள். வாதத்தில் பிரமாதம் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தைக் காரணமில்லாமல் தாமதமாகப் பரிசீலித்தாலே உத்தரவு விழும். எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கியது என்று அரசு பிறகு நீதிமன்றத்தில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வாதாட முடியாது. வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ துணைக்கு வரலாம் என்பது 1981லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய் கூசாமல், சுருக்கமாகப் பேசக்கூடியவரை அனுப்புங்கள். அங்கே தோற்றாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. உண்மையான சண்டை அங்கேதான். மனு விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆவதுண்டு, ஆகவே அறிவுரைக் கழக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதற்கும் உயர் நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி உண்டு. குண்டாஸ் உடைந்தாலும் மூல வழக்கில் பெயில் இருந்தால்தான் வெளியே வர முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு விநோதம்: குண்டாஸில் இருப்பவர் தபால் வாக்குப் போடலாம். சாதாரண விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம், ஆனால் வாக்குப் போட முடியாது.

பெயில் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்

இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று. இது கிடைக்காமல் பெயில் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே கிடப்பவர்கள் உண்டு. 1978இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவர் அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீனை மறுத்தார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த ஆளை, ஜாமீன்தாரர் இல்லாமல் தானே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். இன்று அதே கேள்வியைத் திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்காக நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பெயிலில் விடக்கூடிய குற்றம் என்றால், ஒரு வாரத்தில் ஜாமீன் தர முடியாதவரை ஏழை என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற வழக்குகளுக்கு 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது: பெயில் உத்தரவு அன்றே அல்லது மறுநாள் சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும், 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். எட்டாவது நாள் செயலாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறோம் என்று வளாகத்தில் சுற்றுபவர்களிடம் போகாதீர்கள். ஆவணம் போலி என்று தெரிந்தால் உங்கள் மேலும் வழக்கு வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிறை வாசலில் ‘இன்னொரு கேஸ் இருக்கு’ என்று நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும்போதே வேறு ஸ்டேஷன் பி.டி. வாரண்டு (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும் உத்தரவு) போட்டு, ஃபார்மல் அரெஸ்ட், அதாவது அந்த வழக்கிலும் கைது செய்ததாக, காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 60, 90 நாள் கணக்கு தனியாக ஓடும். பெயிலும் தனியாக வாங்க வேண்டும். நோட்டின் இரண்டாம் பக்கத்தில் வேறு வழக்குகளை எழுதச் சொன்னது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை மனு பார்க்கும்போது, புதிதாக எந்தத் தாளிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

வெளியே வந்த பிறகு

கண்டிஷன் பெயில் என்றால் தினமும் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கையெழுத்து. வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நான்கைந்து வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, தளர்த்தச் சொல்லி மனு போடலாம். ஒரு நாள்கூடத் தவறாமல் கையெழுத்துப் போட்ட பதிவேட்டின் நகல்தான் அந்த மனுவுக்குப் பலம். ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். வாய்தாவைத் தவறவிட்டால் பிடிவாரண்டு வரும், பெயில் ரத்தாகும், ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போகும். உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அன்று காலையே வக்கீல் மூலம் மனு போட்டால் வாரண்டைத் தவிர்க்கலாம். அந்த மனுவின் நகலையும் நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.